உடலின் கட்டும் உறவின் கட்டும்

அரபு மொழியில் ‘அஸப்’ என்றொரு சொல் உண்டு. கட்டுதல், சுற்றி இறுக்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். உடலின் உறுப்புகளைப் பிணைத்து நிற்கும் நாருக்குப் பழைய அரபு நூலோர் அப்பெயரை வழங்கினர். பின்னர் அது நரம்பைக் குறிக்கும் சொல்லாகவும் ஆயிற்று. நம் தமிழிலும் ‘நரம்பு’ என்ற ஒரே சொல் நாரையும் குறிக்கும், யாழின் தந்தியையும் குறிக்கும். ‘அஸப்’ என்ற வேரிலேயே பிறந்த மற்றொரு சொல் ‘அஸபா’. ஃபராயிள் எனும் பாகப்பிரிவினைக் கல்வியை ஓதியோர் அதனை நன்கறிவர். இறந்தவரைத் தந்தை வழியில் சூழ்ந்து நிற்கும் உறவினரே அஸபா. உடலைக் கட்டி நிறுத்துவது அஸப். குடும்பத்தைக் கட்டி நிறுத்துவது அஸபா.

முப்பது ஆண்டுகளாக இவ்விரு சொற்களையும் மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். இரண்டும் எம் வீட்டில், ஒரே நோயில் வந்து சந்திக்கும் என்று யாம் ஒருநாளும் எண்ணியதில்லை. நேர்ந்ததை மறைக்காமல் எழுதுவது வாசகர்களில் ஒரு வீட்டாருக்கேனும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

எம் இளமை கடற்கரையோர ஊர் ஒன்றில் கழிந்தது. மக்தபில் ஓதிய நாட்களில் எம்மிடம் ஒரு வித்தை இருந்தது. கட்டை விரலைப் பின்னுக்கு மடக்கி முன்கையில் படும்படி வைப்போம். தோழர்கள் கூடி நின்று வியப்பார்கள். சிலர் முயன்று பார்த்து வலியால் கத்துவார்கள். எம் லாத்தா எம்மிலும் வல்லவர். கை விரல்கள் அனைத்தையும் பூவிதழ் போலப் பின்னோக்கி விரிப்பார். முழங்காலை மடக்காமல் குனிந்து இரு உள்ளங்கைகளையும் தரையில் பரப்பி வைப்பார். “ரப்பர் புள்ளெ” என்று தெருவே அழைக்கும். உம்மாவுக்கு அதில் பெருமையும் உண்டு, கண்ணேறு பட்டுவிடுமோ என்ற அச்சமும் உண்டு.

அந்தப் பெருமை லாத்தாவின் பன்னிரண்டாம் வயதோடு முடிந்தது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகையில் கணுக்கால் பிசகி விழுவார். அம்மியில் அரைத்தால் மணிக்கட்டு நழுவும். மாவு பிசைந்த பிறகு கையைத் தூக்க முடியாமல் மூலையில் உட்கார்ந்திருப்பார். “வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்” என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். மணமாகிச் சென்ற வீட்டிலும் அதே பேச்சுத் தொடர்ந்தது. பார்ப்பதற்குத் திடமான உடல், முகத்தில் நோயின் அடையாளம் இல்லை; நேற்று வேலை செய்தவர் இன்று எழ முடியவில்லை என்றால் எவர் நம்புவார்? யாமும் நம்பவில்லை. வேலூரில் ஓதிக்கொண்டிருந்த நாட்களில், “பொறுமையோடு கடமையைச் செய்யுங்கள் லாத்தா” என்று அவருக்குக் கடிதம் எழுதியது இன்றும் நினைவில் நிற்கிறது.

எம் மூத்த மகள் 1995-இல் பிறந்தாள். நடக்கத் தொடங்கவே பதினெட்டு மாதம் ஆயிற்று. தரையில் உட்காரும்போது இரு கால்களையும் வெளிப்புறமாக மடக்கி, முழங்கால்கள் முன்னே சேர்ந்திருக்க உட்காருவாள். பார்ப்பதற்கு விந்தையாக இருக்கும். பள்ளியில் பேனா பிடித்து அரைப் பக்கம் எழுதுவதற்குள் விரல் கணு உள்ளே வளைந்துவிடும், எழுத்துச் சிதறும். எழுத்தழகைப் போற்றும் குடும்பம் எங்களுடையது. அவளுடைய குறிப்பேட்டைப் பார்க்கும்போதெல்லாம் யாம் கடிந்துகொண்டோம்.

அதனினும் எம்மை இன்றளவும் வருத்துவது ஒன்று உண்டு. பருவமடைந்த பின் அவள் தொழுகையில் நிற்கும்போது ஒரு காலில் சாய்வாள்; சுஜூதிலிருந்து எழுகையில் உள்ளங்கையை ஊன்றாமல் முஷ்டியை ஊன்றுவாள்; நீண்ட இருப்பில் நெளிவாள். சில நாட்கள் கட்டிலில் அமர்ந்தே தொழுதாள். “இளம் வயதில் உட்கார்ந்து தொழுவதற்கு உனக்கு என்ன வந்தது?” என்று ஒருநாள் உரக்கவே கேட்டோம். அவள் பதில் சொல்லவில்லை. மறுநாள் முதல் எம் கண்முன் நின்றே தொழுதாள். எம் கண்ணில் படாதபோது எப்படித் தொழுதாள் என்பதை யாம் கேட்டறியவில்லை.

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த செய்தியை எத்தனை வகுப்புகளுக்கு யாம் ஓதிக்கொடுத்திருப்போம்! ஊரார் பலருக்கு அந்தச் சலுகையை எடுத்துரைத்த எம் நாவு, மகளிடம் மட்டும் சாட்சி கேட்டது. வலிக்குச் சாட்சி ஏது?

மருத்துவம் பார்க்காமலும் இல்லை. பதினோராம் வயதில் கணுக்கால் முதன்முறை பிசகியபோது சுளுக்கு எடுப்பவரிடம் கொண்டு சென்றோம். எண்ணெய் தடவி வலுவாக இழுத்தார். மூன்று வாரம் அவளால் காலை ஊன்ற முடியவில்லை. பின்னர் மருத்துவமனைகள். எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து “எலும்பில் குறையில்லை” என்றார். மற்றொருவர் இரத்தத்தைச் சோதித்து, “வாத நோய்க்கு அடையாளம் இல்லை, இரத்தச் சோகை சிறிதுண்டு” என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். எழுந்து நின்றால் தலை சுற்றி நெஞ்சு படபடக்கிறது என்றதற்கு, “தேர்வுப் பயம்” என்றார்கள். செரிமானக் கோளாறுக்கு ஒருவர், தலைவலிக்கு ஒருவர், இடுப்பு வலிக்கு ஒருவர் எனத் தனித்தனியே பார்த்தோம். ஒவ்வொருவரும் தம் துறைக்குரிய உறுப்பை நோக்கினர். உறுப்புகள் அனைத்தையும் ஒன்றாய்க் கட்டியிருக்கும் நாரை எவரும் நோக்கவில்லை. இறுதியில் பெருநகர மருத்துவமனை ஒன்றில், “எல்லாச் சோதனையும் நன்றாகவே இருக்கின்றன, மனத்தில்தான் ஏதோ இருக்கிறது” என்று உறக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். யாமே ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீரையும் அவள் மறுக்காமல் குடித்தாள்.

2017-இல் மணமாயிற்று. 2019-இல் பேரன் பிறந்தான். கருவுற்றிருந்த மாதங்களில் இடுப்பெலும்பின் மூட்டுகள் தளர்ந்து, படுக்கையில் புரண்டு படுக்கவும் பிறர் உதவி வேண்டியிருந்தது. குழந்தையைத் தூக்கும்போது தோள்மூட்டு நழுவும். தானே அதை உள்ளே தள்ளிக்கொள்வாள். “இது எல்லாருக்கும் வர்றதுதானே வாப்பா?” என்று ஒருநாள் எம்மிடம் கேட்டாள். பிறந்தது முதல் அப்படியே வாழ்ந்தவளுக்கு, மற்றவர் உடல் வேறு விதமானது என்பதை அறிய வழியேது?

நோயின் பெயர் 2024-இல்தான் தெரிந்தது. அவளுக்கு அப்போது வயது 29. மூட்டு நோய்களுக்கென்றே படித்த ஒரு பெண் மருத்துவர், இளையவர். கொண்டுசென்ற கோப்பைத் திறப்பதற்கு முன் மகளின் கையை நீட்டச் சொன்னார். சுண்டு விரலைப் பின்னோக்கி மடக்கினார். செங்கோணத்தையும் தாண்டி வளைந்தது. கட்டை விரல் முன்கையைத் தொட்டது. முழங்கையும் முழங்காலும் நேர்கோட்டைக் கடந்து பின்னே சென்றன. குனிந்து தரையில் உள்ளங்கை வைக்கச் சொன்னார். இவ்வாறு ஒன்பது புள்ளிகள் கொண்ட ஓர் அளவுமுறை உண்டு. தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய பீட்டர் பெய்ட்டன் என்னும் மருத்துவ அறிஞர் 1973-இல் வகுத்த வடிவில் அது இன்றும் வழங்கி வருகிறது. பருவமடைந்தவர்களில் 50 வயதுவரை உள்ளோர்க்கு 5 புள்ளிகள் போதும். எம் மகளுக்கு 8 கிடைத்தன. அதன் பிறகே தோலை இழுத்துப் பார்த்தார், தழும்புகளைப் பார்த்தார், இதயத்தை ஒலிப்படத்தில் பார்க்க ஏற்பாடு செய்தார், பழைய கதை முழுவதையும் ஒரு மணி நேரம் கேட்டார்.

பின்னர் எம் பக்கம் திரும்பி, “ஹஜ்ரத், உங்க கையையும் கொஞ்சம் காட்டுங்க” என்றார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பழைய வித்தையைச் செய்து காட்டினோம். இரு கட்டை விரல்களும் முன்கையைத் தொட்டன. இரு முழங்கைகளும் பின்னே வளைந்தன. நான்கு புள்ளிகள். ஐம்பதைக் கடந்தோர்க்கு அதுவே போதுமான அளவு. குடலிறக்கத்திற்கு எத்தனை முறை அறுவை செய்துகொண்டீர்கள் என்று கேட்டார். இரண்டு முறை என்றோம். குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இப்படி உண்டா என்று கேட்டார். லாத்தாவின் முகம் எம் கண்முன் வந்து நின்றது. சற்று நேரம் எமக்குப் பேச்சு எழவில்லை.

மருத்துவர் சொன்ன பெயர் எலர்ஸ்-டான்லஸ் நோய். அதில் மூட்டுகள் மிகையாக நெகிழும் வகை. டென்மார்க்கைச் சேர்ந்த எட்வர்ட் எலர்ஸ் 1901-இலும், பிரான்சைச் சேர்ந்த டான்லஸ் 1908-இலும் இதைப் பற்றி எழுதினர். அவர்களுக்கு முன்பே 1892-இல் மாஸ்கோவில் செர்னோகுபோவ் என்பார் எழுதியிருந்தும் பெயர் அவருக்குக் கிட்டவில்லை. இதனோடு உறவுடைய மற்றொரு நோய் மார்ஃபன் நோய். பாரிஸ் நகரின் குழந்தை மருத்துவர் அந்துவான் மார்ஃபன் 1896-இல், கைகால் விரல்கள் அளவுக்கு மீறி நீண்டிருந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் குறித்து எழுதியதால் அப்பெயர் பெற்றது. இத்தகைய நோய்கள் அனைத்தையும், பிறவியிலேயே வரும் இணைப்புத் திசு நோய்கள் என ஒரே குடையின்கீழ்க் கொணர்ந்து 1956-இல் நூல் எழுதியவர் அமெரிக்க அறிஞர் விக்டர் மெக்கூசிக். எலர்ஸ்-டான்லஸ் நோயில் மட்டும் 13 வகைகள் உண்டென 2017-இல் பன்னாட்டு மருத்துவர் குழு வகுத்தது.

இணைப்புத் திசு என்பது என்ன? வேலூரில் ஓதிய காலத்தில் வாணியம்பாடி நண்பர் ஒருவரின் வீட்டிற்கு விடுமுறையில் செல்வோம். அவர் தந்தையார் தோல் பதனிடும் தொழில் செய்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் நீக்கிய தோல், பட்டைச் சாற்றில் ஊறிப் பதமாவதைக் காட்டுவார். “தோலுக்குள்ளே நார் இருக்கு தம்பி. அந்த நாரைப் பட்டைச் சத்துப் பிடிச்சுக் கட்டினாத்தான் அது தோல், கட்டலேன்னா அழுகிப் போற சவ்வு” என்பார். அந்த நாரின் பெயர்தான் கொலாஜன். நம் உடலில் உள்ள புரதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுவே. தோலிலும், எலும்பைப் பிணைக்கும் நாரிலும், இரத்தக் குழாயின் சுவரிலும், குடலிலும், கண்ணிலும் அதுவே கட்டாக நிற்கிறது.

அதன் அமைப்பைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன இடம் சென்னை என்பதை அறிந்தபோது வியந்தோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன் அவர்களும், உடன் உழைத்த கோபிநாத் கர்த்தா அவர்களும் 1954-இல் அதனை வெளியிட்டனர். அண்டையிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியே கிடைத்த கங்காரு வால் நாரைக்கூட அவர்கள் ஆய்வுக்குப் பயன்படுத்தினார்கள். மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்ட கயிறு போன்றது கொலாஜன் என்பதே அவர்கள் கண்டது. கயிறு திரிப்பவன் அறிவான்: ஓர் இழையில் பழுது இருந்தாலும் கயிறு முழுதும் வலுவிழக்கும். உடலிலும் அவ்வாறே. இந்நோயின் பெரும்பாலான வகைகளில், கொலாஜனையோ அதனைச் சார்ந்தவற்றையோ உருவாக்கும் மரபணுவில் எங்கோ ஓர் எழுத்துப் பிழை நேர்ந்திருக்கிறது. மார்ஃபன் நோயில் பழுதுபடுவது ஃபிப்ரில்லின் என்னும் வேறொரு புரதம். அதன் மரபணுவை 1991-இல் கண்டறிந்தனர். எம் மகளுக்கு வந்துள்ள வகைக்கோ எந்த மரபணு என்பது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே அதனை இரத்தச் சோதனையால் காண இயலாது. கைதேர்ந்த மருத்துவரின் கண்ணும் கையும் காதுமே காண வேண்டும். சோதனைத் தாள்கள் ஆண்டுக்கணக்கில் “குறையில்லை” என்றே சொல்லி வந்தது பொய்யன்று. குறையுள்ள இடத்தை அவை தொடவே இல்லை.

பந்தற்காலைக் கட்டிய கயிறு தளர்ந்தால், பந்தல் சாயாமலிருக்க ஆள் நின்று பிடிக்க வேண்டும். மூட்டைக் கட்டிய நார் தளர்ந்தவர்களின் உடலில் தசைகள்தாம் அந்த ஆளின் வேலையைச் செய்கின்றன. நாம் சும்மா நிற்பதாக எண்ணும் நேரத்திலும் அவர்கள் உழைத்துக்கொண்டே நிற்கிறார்கள். நாம் ஒரு குடம் தூக்கும் உழைப்பில் அவர்கள் ஒரு கரண்டியைப் பிடிக்கிறார்கள். அந்திக்குள் உடல் ஓய்ந்துபோவதற்கும், ஒருநாள் கூடுதலாக உழைத்தால் மூன்று நாள் எழ முடியாமற் போவதற்கும் காரணம் அதுவே. அதைச் சோம்பல் என்று அழைத்தவர்களில் யாமும் ஒருவர்.

இப்படிக் காலம் தாழ்வது எம் வீட்டில் மட்டும் நடந்ததன்று. 2009-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று, எலர்ஸ்-டான்லஸ் நோயாளிகளில் பாதிப் பேர் நோயின் பெயரை அறிய 14 ஆண்டுகளும், கால் பங்கினர் 28 ஆண்டுகளும் காத்திருந்ததாகக் கூறுகிறது. மருத்துவ வசதி மிக்க நாடுகளிலேயே இந்நிலை என்றால், நம் ஊர்களில் பெயரறியாமலே மண்ணுக்குள் சென்றவர்கள் எத்தனை பேரோ!

தாமதம் சில வேளைகளில் உயிரையும் கேட்கும். ஃப்ளோ ஹைமன் என்ற அமெரிக்க வீராங்கனையின் கதையைப் படித்தபோது நெஞ்சு நடுங்கியது. ஆறடி ஐந்தங்குல உயரம். கைப்பந்தாட்டத்தில் உலகப் புகழ். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியில் ஆடியவர். 1986 சனவரி 24 அன்று ஜப்பானில் மாட்சுயே நகரில் ஆட்டத்தின் நடுவே ஓய்வுக்காக வெளியே வந்து அமர்ந்தவர், அமர்ந்தபடியே சரிந்து உயிர் நீத்தார். வயது 31. முதலில் மாரடைப்பு என்றார்கள். உடலை ஆய்ந்த பின்னரே, மார்ஃபன் நோயால் இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய் கிழிந்தது தெரியவந்தது. உலகமே புகழ்ந்த அந்த உயரமும் நீண்ட கைகளும் நோயின் அடையாளங்களாக இருந்தன. ஒருவர் கண்ணிலும் அவை அவ்வாறு படவில்லை. அவர் இறந்த பிறகு அவர் சகோதரரைச் சோதித்தார்கள். அவருக்கும் அதே நோய் இருக்கக் கண்டு அறுவை செய்தார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்கு நோயின் பெயர் தெரிந்தால் அது மற்றவர்களுக்கும் காப்பாகலாம் என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டுமோ?

எம் மகளுக்கு உள்ள வகை அத்தகைய உயிர் ஆபத்துக்கு உரியதன்று எனவும், அவள் இதயம் நலமாகவே உள்ளது எனவும் மருத்துவர் உறுதி கூறினார். அல்ஹம்து லில்லாஹ். ஆயினும் இரத்தக் குழாய்களைத் தாக்கும் வகையும் உண்டாதலின், இவ்வகை நோய் எனத் தெரிந்தோர் ஒருமுறையேனும் இதயத்தையும் பெருங்குழாயையும் பார்த்துக்கொள்வது நலம். கை வளைகிறவர் எல்லாரும் நோயாளியரும் அல்லர். வளைந்தும் வலியின்றி வாழ்வோர் பலர். வளைவோடு ஓயாத வலியும், அடிக்கடி மூட்டு நழுவுதலும், களைப்பும், குடும்பத்தில் இன்னொருவருக்கு அவ்வாறே இருத்தலும் சேர்ந்து காணப்படும்போதுதான் ஐயுற வேண்டும்.

இனி உறவின் கட்டுக்கு வருவோம். ஃபராயிளில் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு: பாதி, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு. இந்நோயின் பாகப்பிரிவினையில் அந்த வேறுபாடு இல்லை. மார்ஃபன் நோயிலும், எலர்ஸ்-டான்லஸ் நோயின் முதன்மையான வகைகளிலும், தாய் தந்தையரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனாயினும் மகளாயினும், வரும் வாய்ப்பு சரிபாதி. ஒருவருக்கு வந்துவிட்டதனால் அடுத்தவருக்கு வராது என்பதும் இல்லை. ஒவ்வொரு முறையும் அதே பாதி. அரிய சில வகைகளோ இரு பக்கத்திலிருந்தும் பழுது வந்து சேர்ந்தால் மட்டுமே தோன்றுகின்றன; நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்கள் அவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். நோய் குடும்ப வழியில் தொடர்வதைக் காண்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூசியாவின் அறுவை மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, ஓர் ஊரின் ஆடவர்கள் காயம் பட்டால் குருதி நில்லாமல் இறப்பதைத் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் எழுதிவைத்தார். அவர் கண்டது வேறொரு நோய். ஆனால் அவர் செய்த செயல் நமக்கு வேண்டியது. கண்டதை மறைக்காமல் எழுதினார்.

மறைப்பது எவ்வளவு எளிது என்பதை எம் வீட்டில் கண்டோம். இளைய மகளுக்கு மணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அவளுக்கும் மூட்டுகள் வளைகின்றன, வலி இல்லை. “வலியே இல்லாத புள்ளையைப் பத்தி நாமளே ஏன் போய்ச் சொல்லணும்?” என்று எம் மனைவி அழுதார். அவர் அச்சம் நியாயமற்றதன்று. ஆனால், விற்கும் பொருளின் குறையை வாங்குபவரிடம் மறைத்தல் ஆகாது என்று ஓதிக்கொடுக்கும் யாம், இல்லறத்தில் இணைய வருவோரிடம் எப்படி மறைப்பது? லாத்தாவின் மாமியார் வீட்டார்க்கு அன்றே இச்செய்தி தெரிந்திருந்தால், அவர் கையிலிருந்து நழுவிய ஒவ்வொரு பாத்திரத்திற்கும் அவர் ஏச்சு வாங்கியிருக்க மாட்டாரே! இளைய மகளையே கேட்டோம். “சொல்லிருங்க வாப்பா. பொறவு தெரிஞ்சு பேச்சுக் கேக்கிறதவிட இது நல்லது” என்றாள். சொன்னோம். வந்த வீட்டார் பண்போடு கேட்டுக்கொண்டு சென்றார்கள், மறுபடி வரவில்லை. அதற்காக வருந்தவில்லை என்று எழுதினால் பொய்யாகும். சொன்னதற்காக வருந்தவில்லை என்பது மட்டும் மெய்.

இந்நோயை வேரோடு நீக்கும் மருந்து இல்லை. ஆயின் செய்யத் தக்கவை உண்டு. மூட்டைச் சூழ்ந்த தசைகளுக்கு மெல்ல மெல்ல வலுவூட்டும் பயிற்சியை, இந்நோயை அறிந்த உடற்பயிற்சி மருத்துவரிடம் மகள் கற்றுவருகிறாள். உடலை எட்டிய மட்டும் வளைக்கும் பயிற்சிகள் அவளுக்கு ஆகா. வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, களைப்பதற்கு முன்னரே ஓய்வு கொள்கிறாள். தடித்த பிடியுள்ள பேனா, இலேசான பாத்திரங்கள், மணிக்கட்டுக்கு ஓர் உறை. தலைச்சுற்றலுக்கு, மருத்துவர் சொற்படி நீரும் உப்பும் கூட்டிக்கொள்கிறாள். அறுவையோ பல் சிகிச்சையோ செய்ய நேர்ந்தால் நோயின் பெயரை முன்கூட்டியே சொல்லும்படி மருத்துவர் பணித்திருக்கிறார். நாற்காலியில் அமர்ந்து தொழுகிறாள். அந்த நாற்காலியை யாமே வாங்கி வந்து தொழுமிடத்தில் போட்டோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. யாமும் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பை யாம் சொற்களால் கேட்டது சில நாட்கள் கழித்தே. “நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு லாத்தாவைக் காணச் சென்றோம். அவருக்கு இப்போது வயது 61. கைத்தடியின்றி நடக்க இயலாது. மாமா மறைந்துவிட்டார், மகன் வீட்டில் இருக்கிறார். எம் கையில் மருத்துவர் எழுதித் தந்த தாள் இருந்தது. நாரைப் பற்றியும், கயிற்றைப் பற்றியும், எம் கட்டை விரலைப் பற்றியும், மகளுக்கு வைத்த பெயரைப் பற்றியும் எமக்குத் தெரிந்த அளவு சொன்னோம். லாத்தாவின் கையை நீட்டச் சொன்னோம். விரல்கள் பருத்து முறுக்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் கட்டை விரல் மெல்ல மெல்லச் சென்று முன்கையைத் தொட்டது.

வெகு நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதவர் அல்லர். ஆயினும் படித்ததாகத் தோன்றவில்லை. பிறகு, “அப்ப நான் நடிக்கலெ, இல்லியா தம்பி?” என்றார்.

“இல்லெ லாத்தா” என்றோம்.

“உம்மா இருக்கும்போது தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றார். பின்னர் தாளை மடித்து, தம் மருமகளைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தார். “பேரப் புள்ளைங்களையும் காட்டச் சொல்றாரு. படிச்சுப் பாரு” என்றார். எமக்குத் தேநீர் வந்தது. வேறு பேச்சுப் பேசினோம்.

திரும்பி வருகையில், அவருக்கு யாம் எழுதிய பழைய கடிதத்தை எண்ணிக்கொண்டே வந்தோம். பொறுமையைக் கற்பிக்கும் உரிமை, துன்பத்தைக் கேட்டறிந்தவனுக்கே உண்டு. கேளாமல் கற்பித்தது எம் பிழை.

வாசகர்களிடம் எம் வேண்டுகோள் இதுவே. உங்கள் வீட்டில் அடிக்கடி விழுகிற பிள்ளை, எழுத மறுக்கிற பிள்ளை, கை நழுவுகிற மருமகள், களைப்பென்று படுக்கிற சகோதரி எவரேனும் இருந்தால், சோம்பல் என்று தீர்ப்புக் கூறுமுன் அருகில் அமர்ந்து கேளுங்கள். உங்கள் குடும்பத்தில் கை கால் வளைவதை வித்தையாகக் காட்டியவர் யார் யார் என்று பெரியவர்களிடம் விசாரித்து, அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆசிரியப் பணியில் உள்ளோர், சம்மணமிட்டு அமர இயலாத மாணவனைக் கடிவதற்கு முன் அவன் கால்களைப் பாருங்கள். சொத்தின் பங்கைத் தலைமுறை தலைமுறையாகக் கணக்கிட்டு எழுதிவைக்கும் நாம், உடலின் பங்கையும் பிள்ளைகளுக்கு எழுதிவைப்போம்.

நோயுற்றோர்க்கு ஆறுதலையும், உடனிருப்போர்க்குக் கேட்கும் செவியையும் எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.